மாமாவின் மூச்சு

பகல் ஷிப்டு முடிந்து சிங்காநல்லூர் மில்லிலிருந்து வரும் மாமா, சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நேராக அம்மாவிடம் போய் நிற்பார். அம்மா கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்திருப்பாள். மாமா கண்ணை மூடிக்கொண்டு, தன் அக்காவின் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊதுவார். பஞ்சுத் தூசியும் வெற்றிலையும் கலந்த வாசம்தான் வரும். “சரி கண்ணு, கையக் கழுவிட்டு உக்காரு” என்று அம்மா சொன்ன பிறகுதான் கண்ணைத் திறப்பார். யாரும் கேட்டு அவர் இதைச் செய்யவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவராகவே தொடங்கிய வழக்கம்.

அது மதுவிலக்குக் காலம். கடைதான் இல்லை, குடி இருந்தது. திருட்டுச் சாராயம் கிடைக்காத நாளில் மரத்துக்குப் பூசும் வார்னிஷைக்கூட மாமா குடித்தார். போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அத்தை குழந்தையோடு சத்தியமங்கலத்துத் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். கை நடுக்கமும் பிதற்றலும் மிஞ்சியபோது ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வீட்டில் படித்தவன் நான் ஒருவன் என்பதால் டாக்டர் என்னைத்தான் கூப்பிட்டுப் பேசினார். இது கெட்ட குணமல்ல, நோய்; மருந்து பாதிதான், கூட இருப்பவர்கள் அவரை நம்புவதுதான் மீதி என்றார். வீட்டில் வந்து அப்படியே சொன்னேன். படித்த பிள்ளை சொல்கிறான் என்று எல்லாரும் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார்கள்.

தீபாவளி நோம்பி போயிற்று, பொங்கல் நோம்பியும் போயிற்று. அவர் தொடவில்லை. “ஏனுங்க, அக்காகிட்ட லீவு கேட்டுட்டு வாங்க” என்று மில் கூட்டாளிகள் கேலி செய்ததை அவரே சிரித்துக்கொண்டு வந்து சொல்வார். வைகாசியில் என் அக்காவுக்கு அவிநாசியில் கல்யாணம் வைத்தோம். மணப்பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டுவது எங்களில் தாய்மாமன் உரிமை. மாமா புது வேட்டி எடுத்தார். “கை நடுங்காமக் கட்டோணுமில்ல அம்மணி” என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, நூலை எடுத்து முடிச்சுப் போட்டுப் பழகிக்கொண்டே இருப்பார். சபை பார்க்கப் பட்டம் கட்டிவிட்டால், போய் அத்தையைக் கூப்பிடும் தைரியம் வந்துவிடும் என்று என்னிடம் சொன்னார்.

கல்யாணத்தன்று காலையில் அப்பா அவரைத் தனியே அழைத்தார். “மாப்பளே, மேக்க இருந்து பெரியவங்க வாராங்க. சிங்காநல்லூர்ல நீங்க நின்னு கூட்டியாந்தாத்தான் மரியாதைங்க.” மாமா சந்தோஷமாகப் போனார். குடித்துவிட்டு வந்து சபையில் ஏதாவது ஆகிவிடுமோ என்று அப்பாவுக்குப் பயம். அம்மாவுக்கும் அது தெரியும். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு வாய் வராது. மரியாதை கொடுத்துத்தான் தள்ளிவைப்போம். அவர் திரும்புவதற்குள் அம்மாவின் பெரியப்பா மகன் பட்டம் கட்டி முடித்திருந்தார்.

மாமா விருந்தாளிகளை உட்காரவைத்தார். மணையில் இருந்த அக்காவின் நெற்றியைப் பார்த்தார். பிறகு பந்தி ஓரத்தில் நின்ற அம்மாவிடம் வந்து, அத்தனை பேர் நடுவில் வாயைத் திறந்து ஊதினார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “நீ குடிக்கலைன்னு எனக்குத் தெரியும் கண்ணு.”

“தெரிஞ்சுமாங்க அக்கா?”

அவ்வளவுதான் கேட்டார்.

அன்று மாலையிலிருந்து அவர் அம்மா முன் வந்து நிற்கவில்லை. குடியையும் உடனே தொடவில்லை. ஆடி வரைக்கும் தாக்குப்பிடித்தார் என்று மில்லில் சொன்னார்கள். ஐப்பசி மழைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். வார்னிஷ் குடித்துச் செத்தான் என்று ஊர் சொல்கிறது. அது பொய்யில்லை. டாக்டர் சொன்னதை நான் இப்போதும் குடியைப் பற்றிப் பேசக் கூப்பிட்ட இடமெல்லாம் போய்ச் சொல்கிறேன். எல்லாரும் மரியாதையாகத்தான் கேட்டுக்கொள்கிறார்கள்.

போன தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். பட்டத்தை எடுத்துக்கொண்டு அதே பெரியப்பா மகன் எழுந்தார். அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

“நீங்க உக்காருங்கண்ணா. கட்டவேண்டியவன் இல்லீங்க.”

சபையில் முணுமுணுத்தார்கள். சகுனம் என்றார்கள். அப்பாகூட மெல்ல ஏதோ சொல்லிப் பார்த்தார். அம்மா அசையவில்லை. தங்கை வெறும் நெற்றியோடு தாலி வாங்கிக்கொண்டாள்.