பெட்ஷீட்டுக்கு அம்மை போட்ட டர்பைன்

இன்று காலை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டீம் பெட்டி ஒரு தடவை தும்மி, வெள்ளைக் காலரில் பழுப்பாக ஒரு சொட்டு வைத்தது. மனைவி பார்த்தால் பாட்டு விழும் என்று சமையலறைக்கு ஓடி, எலுமிச்சம்பழத்தை அறுத்து உப்புத் தொட்டுத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க, அந்த ஈரச்சூட்டு வாசனையில் பெங்களூர் விவேக் நகரும் ஜெசிந்தாக்காவும் நினைவுக்கு வந்துவிட்டார்கள்.

நானும் நண்பன் வெங்கடேஷும் அப்போது சின்ன கேஸ் டர்பைன்களைச் சோதித்துப் பார்க்கும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தோம். குடியிருந்தது குழந்தை இயேசு கோவிலுக்குப் பின்னால் ஒரு சந்தில். வியாழக்கிழமை என்றால் கூட்டத்தில் வீட்டுக்குப் போய்ச்சேருவதே பெரும்பாடு. எதிர்வீடுதான் ஜெசிந்தாக்காவின் லாண்டரி. ஒரு நர்சிங் ஹோமின் பெட்ஷீட்டெல்லாம் அவரிடம்தான் வரும். அதை நம்பித்தான் லாண்டரியே ஓடியது.

அந்த வருடம் கரண்ட் நினைத்தபோதெல்லாம் போனது. மெஷின் நின்றுவிட்டால், சோப்புத் தண்ணீரில் ஊறிய துணி வாடை பிடித்துவிடும். ஜெனரேட்டர் வைக்கலாமே என்பீர்கள். ஒன்று வைத்திருந்தார், அது கரண்டை விட மோசம். இன்னொரு தடவை தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக நர்சிங் ஹோமில் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு விளக்கு அணையும்போதெல்லாம் அக்கா ஊறல் தொட்டி விளிம்பில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார். எதிர்மாடியிலிருந்து நாங்களும் அதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

ஆனால் துணி வேகவைக்க அங்கிருந்த விறகு பாய்லருக்குக் கரண்ட் வேண்டாம். மெஷின் நின்ற பிறகும் அது கொதித்துக்கொண்டே இருக்கும், ஆவி உஸ்ஸென்று வெளியே போகும்.

"ஏன் குரு, இவ்ளோ ஸ்டீம் சும்மா போவுதே. நம்ம ஷெட்டுல ஒரு டர்பைன் கெடக்குதில்ல?" என்றான் வெங்கடேஷ். அம்மா தமிழ், அப்பா கன்னடம்; பெங்களூர்க் கன்னடத்தில் 'குரு' என்றால் நண்பா. இரண்டு மொழியிலும் ஆசை காட்டத் தெரிந்தவன்.

கம்பெனி கழித்துப்போட்ட டர்பைன் அது. பெரிய குக்கர் அளவுதான் இருக்கும். இடம் காலியானால் சரி என்று மேனேஜர் தூக்கிக் கொடுத்தார். எரிபொருள் எரியும் அறையைக் கழற்றினோம். காற்றை அமுக்கித் தரும் சக்கரத்துக்கும் இனி வேலையில்லை, அதையும் கழற்றினோம். மிச்சமிருந்த டர்பைன் சக்கரத்தின் வாயில் பாய்லர் குழாயைப் பொருத்தி, மறுமுனையில் கரண்ட் தரும் டைனமோவைக் கோத்தோம். இழுக்க வேண்டிய பாரம் குறைந்ததால் சக்கரம் தறிகெட்டுச் சுற்றும். வேகம் மீறிப்போனால் ஆவியைத் தானாக அடைக்க ஒரு வால்வு வேண்டும். சிவாஜிநகர் குஜிரிக் கடைகளில், அதாவது பழைய சாமான் கடைகளில், அதைத் தேடினோம். தேடியதில் பாதி நேரம் கபாப் கடையில் கழிந்தது என்பதை இப்போது சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

டிசம்பரில் ஒரு காலை. மறுநாள் பெட்ஷீட் போயாக வேண்டும். கரண்ட் போனது. வால்வைத் திறந்தோம். டர்பைன் மெல்ல முனகி, பிறகு விசில் அடித்தது. பல்ப் எரிந்தது. துவைக்கும் மெஷின் ஒரு முறை தயங்கிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது. நாங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தோம்.

மொட்டைமாடியிலிருந்து அக்கா ஒரு பெட்ஷீட்டோடு இறங்கி வந்தார்.

"இன்னாடா இது? பெட்ஷீட்டுக்கு அம்மை போட்டிருக்கு!"

வெள்ளைத் துணி முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். நாங்கள் கேஸ் டர்பைன்காரர்கள். பின்பக்கம் வருவது வெறும் சூடான காற்று, மேலே ஒரு குழாயை வைத்தால் போய்விடும் என்பதே எங்கள் பழக்கம். அதே பழக்கத்தில் தகரக் குழாயைக் கூரைக்கு மேல் நேராக நிறுத்தியிருந்தோம். ஆவி பெங்களூர்க் குளிரைக் கண்டதும் தண்ணீராகி, குழாயின் துருவையும் சேர்த்துக்கொண்டு, காயப்போட்ட துணிமீது மழையாகப் பெய்துவிட்டது. தினமும் இட்லி தின்பவர்கள்தான் நாங்கள். பானை மூடியில் தண்ணீர் சொட்டுவதை ஒருநாளாவது பார்த்திருக்க மாட்டோமா?

அக்கா திட்டவில்லை. தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். "நாளைக்குக் காலைல வண்டி வந்துடும்பா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

வெங்கடேஷ் சந்து முழுக்க ஓடி, வீட்டுக்கு வீடு எலுமிச்சம்பழம் கேட்டான். மெழுகுவத்திக் கடைக்காரம்மா ஒரு கூடையே கொடுத்துவிட்டு, தானும் உட்கார்ந்து தேய்த்தார். பொழுது சாயும் வரை தேய்த்தோம். விரல் நுனியெல்லாம் எரிந்தது.

மறுநாள் வந்த நர்ஸ் ஒரு பெட்ஷீட்டை விரித்தார், உற்றுப் பார்த்தார், முகர்ந்தார்.

"புது சோப்பாக்கா? லெமன் வாசனை வருது. இதையே போடுங்க."

"ஆமா சிஸ்டர்" என்றார் அக்கா, கண்ணைக்கூட இமைக்காமல்.

பிறகு குழாயைக் கீழே வளைத்து, ஊறல் தொட்டிக்குள் சுருளாக ஓடவிட்டு, முனையைச் சாக்கடைக்கு விட்டோம். துரு மழையும் நின்றது, தொட்டித் தண்ணீரும் வெதுவெதுப்பானது. அன்றிலிருந்து விளக்கு அணைந்தால் அக்கா வாசலுக்கு ஓடிவந்து எங்கள் மாடியைப் பார்த்துக் கத்துவார்: "டேய் பசங்களா, கரண்ட் போச்சுடா! ஓடியாங்க!" கல்யாண வீட்டுக்குக் கூப்பிடுவதுபோல இருக்கும்.

ஈர ஆவி சில வருடங்களில் சக்கரத்தின் இதழ்களை அரித்துத் தின்றுவிட்டது. லாண்டரி இருந்த இடத்தில் இன்று கார்கள் நிற்கின்றன. வெங்கடேஷ் கடல்தாண்டிப் போய்விட்டான். அக்காவும் இல்லை.

சட்டையை உலர்த்தும்போது எங்கள் அப்பார்ட்மெண்டில் விளக்கு ஒரு கணம் கண்சிமிட்டியது. அதற்குள் ஜெனரேட்டர் எடுத்துக்கொண்டது. என் மகள் போனிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. நான் மட்டும் பால்கனிக்கு வந்து, யாரோ கூப்பிடப்போகிறார்கள் என்பதுபோல, கொஞ்ச நேரம் நின்றேன்.