ராஜகனி போடாத மடிப்பு

திருத்தங்கல் பஸ் நிறுத்தத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ராஜகனி இறந்த செய்தி வந்தது. போனில் பேசியவர் அவருடைய கணவர். "விருதுநகர் ஆஸ்பத்திரியில இருந்து கொண்டு வாறோம்ண்ணே. கம்பெனில சொல்லிருங்க" என்றார். சிறுநீரகம் பழுதாகிப் பல மாதங்களாக வேலைக்கு வராமல் இருந்தவர். எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் டீயைக் குடிக்கவும் தோன்றாமல், கீழே வைக்கவும் தோன்றாமல் அப்படியே நின்றேன்.

அட்டைப்பெட்டித் தொழிலில் இருக்கும் பலருக்கும் அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். அச்சடித்த அட்டையைப் பெட்டி வடிவத்தில் வெட்டி, மடிக்க வேண்டிய இடங்களில் கோடு பதிக்கிற பலகைக்கு டை என்று பெயர். அதிலுள்ள பிளேடுகளின் இருபுறமும் ரப்பர் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் வெட்டிய அட்டை பிளேடிலேயே சிக்கிக்கொள்ளும். கோடு பதிக்கிற மடிப்புக் கம்பிகளுக்கு நேர் எதிரே, அட்டை வந்து படியும் தகட்டின் மேல், நடுவில் பள்ளமுள்ள பட்டைகளை ஒட்ட வேண்டும். அதைச் சேனல் என்போம்; ஒவ்வொரு ஆர்டருக்கும் புதிதாக ஒட்ட வேண்டும். கம்பி அட்டையை அந்தப் பள்ளத்துக்குள் அழுத்தினால்தான் மடிப்பு விழும். எங்கள் கம்பெனியில் ரப்பரும் சேனலும் ராஜகனியின் வேலை. நான் மெஷின் ஓட்டுகிறவன்.

சேனல் எடுப்பதில் எங்களுக்குள் ஓயாத சண்டை. பள்ளம் குறுகலாக இருந்தால் மடிப்பு கத்தி போல் எடுப்பாக இருக்கும் என்பது என் கட்சி. அவர் எப்போதும் கொஞ்சம் அகலமானதைத்தான் எடுப்பார். "பார்வைக்கு நல்லாருந்தாப் போதுமா? மடிக்கிறவ விரலை நெனச்சுப் பாருங்கண்ணே" என்பார். கல்யாணமாகித் திருத்தங்கலுக்கு வந்த புதிதில் வீட்டில் உட்கார்ந்து பெட்டி மடித்தவர் அவர். விறைப்பான அட்டையை நாள் முழுக்க மடித்தால் விரல் நுனி என்னவாகும் என்று அவருக்குத் தெரியும். பெட்டி தொளதொளவென்று ஆகிவிடும் என்று நான் ஒருநாள் சொன்னதற்கு, "தொளதொளன்னு இருக்கிறது நீங்க போட்டிருக்கிற சட்டைதான்" என்றார். மெஷின் ஹால் முழுவதும் சிரித்தது. எனக்குக் கோபம்தான். இரண்டு நாள் பேசவில்லை.

அவருடைய தங்கை தாயில்பட்டியில், தாய் வீட்டிலேயே இருந்தாள். பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. அந்தக் கம்பெனியின் புஸ்வாணப் பெட்டிக்கு டை எங்களிடம்தான் இருந்தது. ஒரு சீசனில் அங்கே விபத்து நடந்தது. தங்கை திரும்பவில்லை. கம்பெனியை மூடினார்கள். பல மாதங்கள் கழித்துத் திறந்தார்கள். திறந்ததும் எங்களுக்கு ஆர்டர் வந்தது, அதே பெட்டி.

வேறு யாரையாவது சேனல் போடச் சொல்லவா என்று ராஜகனியிடம் கேட்டேன். "வேண்டாம்ண்ணே. இதை மடிக்கப்போறதும் எங்க ஊர்ப் பொம்பளைகதான். வேற ஆளு ஏனோதானோன்னு போட்டா அவுக விரல்தான் புண்ணாகும்" என்று உட்கார்ந்தார். வழக்கம்போல் நிதானமாக வேலை செய்தார். முடிந்தது என்று எழுந்தார். நான் ஒரு அட்டையை அடித்து மடித்துப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் அழகாக மடிந்தது. மூடி மட்டும் மடியவில்லை. தகட்டைப் பார்த்தால், மூடி மடிப்புக்குச் சேனலே இல்லை.

முதலாளி வந்துவிட்டார். "ஏம்மா, மூடிக்கு யாரு சேனல் போடுவா? லோடு இன்னைக்குப் போகணும்ல? போகலேன்னா ஆர்டரை வேற ஆளுக்குக் குடுத்துருவாக!" என்று சத்தம் போட்டார். "மறந்துட்டேன் அண்ணாச்சி" என்று ராஜகனி மறுபடி உட்கார்ந்தார். பட்டையை வெட்டினார். தகட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். திரும்ப எடுத்துக்கொண்டார். முதலாளி அந்தப் பக்கம் போனதும் என்னிடம் மெல்லச் சொன்னார்: "அண்ணே, நீங்க போடுங்க. எனக்கு அங்கன கை போகமாட்டேங்குது."

போட்டேன். மூடி மூடியது. லோடு போனது. டீ நேரத்தில் அவராகவே பேசினார். "தங்கச்சிய மூட்டையாக் கட்டித்தான் குடுத்தாக. அவுக்கக் கூடாதுன்னுட்டாக. அப்படியே கொண்டுபோய் எரிச்சோம். அது அவதானான்னு எனக்குத் தெரியாதுண்ணே."

அதன்பிறகு ஒவ்வொரு முறை அந்த ஆர்டர் வரும்போதும் இதுதான் நடந்தது. மூடிக்கான பட்டையை மட்டும் அளந்து வெட்டி என் மெஷின் மேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். நான் போட்டு முடித்த பிறகு வருவார். அதைப் பற்றி நாங்கள் மறுபடி பேசியதே இல்லை.

ஒருநாள் வேலை முடிந்து இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தோம். பேசிக்கொண்டே இருந்தவர் சட்டென்று எழுந்து, கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனார். அங்கே இறுக்கமாகச் சடை போட்ட ஒரு பெண் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ராஜகனி குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். அந்தப் பெண் மிரண்டுபோனாள். "ஒண்ணுமில்ல தாயி, தெரிஞ்ச பிள்ளைன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். தங்கையைத்தான் தேடினார் என்று எனக்குப் புரிந்தது. அதிலிருந்து நானும் பஸ்ஸில் முன் சீட்டுச் சடைகளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். பார்த்தே இராத ஒருத்தியைத் தேடுகிறோமே என்று என்மேலேயே எரிச்சலாக வரும். ஆனாலும் பார்ப்பேன்.

ராஜகனியை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். வந்தவர்கள் போட்ட மாலைகள் கண்ணாடியின் மேல் குவிந்து முகத்தை மறைத்தன. அவருடைய தாயார் தலைமாட்டில் உட்கார்ந்து, விழ விழ மாலைகளைக் கால்பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்கய்யா, நல்லாப் பார்த்துக்கோங்க. இவளாவது மூஞ்சியப் பார்க்கக் குடுத்தாளே" என்றார். நான் பார்த்தேன். பிறகு வெளியே வந்து சுவரைப் பார்த்து அழுதேன்.

காரியமெல்லாம் முடிந்தபின் அந்தப் புஸ்வாணப் பெட்டிக்கு ஆர்டர் வந்தது. ரப்பரைப் புதிதாக மாற்றலாமா என்று முதலாளி கேட்டார். அழுத்திப் பார்த்தேன். ராஜகனி ஒட்டியது, இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது. வேண்டாம் என்றேன். சேனல் போட நானே உட்கார்ந்தேன். மூடி மடிப்பை முதலில் போட்டேன். அது எப்போதும் என் வேலை என்பதால் கை தானாகப் போனது. மற்ற மடிப்புகளெல்லாம் அவருடையவை. பட்டையைத் தகட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். திரும்ப எடுத்துக்கொண்டேன். கை போகவில்லை என்றால் என்ன என்பதை அப்போதுதான் அறிந்தேன். அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இதுதான்.

"நீங்க போடுங்க" என்று சொல்ல அவருக்கு நான் இருந்தேன். எனக்கு அப்படி இருந்தவர் ராஜகனிதான்.