கையை மட்டும் எடுங்கோ

“நிப்பாட்டுங்க” என்று டீச்சர் இருட்டில் கையை உயர்த்தியதும், திரையில் அந்தப் பெண்ணின் முகம் அசைவற்று நின்றது. திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த சிறிய மண்டபம் அது. படம் எடுப்பதைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள் பல நாடுகளிலிருந்தும் அனுப்பிய குறும்படங்களுக்கு விழா நடந்தது. நாங்கள் மூன்று பேர் நடுவர்கள். தலைவர் ஐரோப்பாவிலிருந்து வந்த ஓர் ஒளிப்பதிவாளர். டீச்சர், கிண்ணியாவில் பாடசாலை அதிபராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு கைத்தொலைபேசியில் படம் எடுத்துப் பரிசுகள் வாங்கியவர். நான் அன்புவழிபுரத்தில் கலியாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுப்பவள்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு வெளிநாட்டு இளைஞர் சம்பூர்க் கரையில் எடுத்த படம். ஒரு பெண் மீனைக் கீறி, உப்புத் தடவி, கருவாட்டுக்குக் காயவைக்கிறாள். காலை வெளிச்சத்தில் மீனின் வெள்ளித் தோல் மின்னுகிறது. அவள் நிமிர்ந்து ஏதோ சொல்ல, கமெரா மெல்ல அவள் முகத்தை நெருங்குகிறது. “என் கவலைகளைக் கடலிடம் சொல்லிவிட்டேன்” என்று கீழே ஆங்கிலத்தில் வரி ஓடுகிறது. அந்த இடத்தில் தலைவர் மூச்சை இழுத்துவிட்டது எனக்குக் கேட்டது. டீச்சர் படத்தை நிறுத்தியதும் அந்த இடத்தில்தான்.

“மகள், எனக்குக் கேட்டதுதானா உங்களுக்கும் கேட்டிச்சு?” என்று டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

“ஓம் டீச்சர். முகத்தை எடுக்காதீங்கோ தம்பி, கையை மட்டும் எடுங்கோ எண்டுதான் சொல்லுறா.”

தலைவரிடம் விளக்கினோம். அவர் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார். விழாவிலேயே ஆகச் சிறந்த படம் இதுதான், நடுவர்கள் திரையில் இருப்பதைத்தான் மதிப்பிட வேண்டும் என்று வாதாடினார். டீச்சர் குரலை உயர்த்தவில்லை. “அவள் வேண்டாம் என்று சொல்வதும் திரையில்தான் இருக்கிறது” என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கும் அதில் சந்தேகமே இருக்கவில்லை. கலியாண வீடுகளில் பின்வரிசையில் ஒதுங்கி நின்று, தங்களைப் படத்தில் போடவேண்டாம் என்பவர்களின் முகங்களை எத்தனையோ தடவை வெட்டி நீக்கியவள் நான். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கடைசியில் தலைவர் இறங்கி வந்தார்: “பிறகாவது அவள் சம்மதித்திருக்கக்கூடும். போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.”

அந்த இளைஞரும் விழாவுக்கு வந்திருந்தார். டீச்சர் கூப்பிட்டுச் சொன்னபோது அவர் முகம் வெளிறிப்போனது. படம் எடுக்கும்போது கூட இருந்த வழிகாட்டி காற்றிரைச்சலில் சரியாகக் கேளாமல் மொழிபெயர்த்துச் சொன்னதை அவர் அப்படியே நம்பியிருக்கிறார். டீச்சர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. மறுநாள் காலையில் டீச்சரும் அவரும் நானும் வான் வண்டியில் சம்பூருக்குப் போனோம்.

அந்தப் பெண் அவரை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். எங்களுக்குக் கதிரைகள் கொண்டுவந்து போட்டாள். நான் விசயத்தைச் சொன்னதும் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு எங்களுக்கு எதிரே வந்து இருந்தாள்.

“நாங்கள் இடம்பெயர்ந்து முகாமில கிடந்த நேரம் வந்தவை எல்லாரும் என்ர முகத்தைத்தான் எடுத்தவை. எல்லாப் படத்திலயும் அழுதுகொண்டுதான் நிக்கிறன். இப்ப என்ர காணியில இருந்து என்ர வேலையைச் செய்யிறன். அதைக் காட்டுறதெண்டா கையைத்தானே காட்டவேணும்?”

“ஒரு சொல்லும் விடாம அவருக்குச் சொல்லுங்க, மகள்” என்றார் டீச்சர். சொன்னேன். இளைஞர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். அவள் பதறிப்போய், “இருங்கோ தம்பி, முதல் தேத்தண்ணியைக் குடியுங்கோ” என்றாள்.

திரும்பி வந்ததும் அவர் என் வீடியோக் கடையில் உட்கார்ந்து படத்தை மறுபடி தொகுத்தார். முகம் வந்த இடமெல்லாம் போனது. படம் பாதியாகச் சுருங்கியது. அவளுடைய குரலையும் காற்றையும் அப்படியே விட்டு, அவள் உண்மையில் சொன்னதை வரியாகப் போட்டோம். மாற்றிய படம் போட்டியில் நிற்க ஏலாது. பரிசு வேறொரு படத்துக்குப் போனது. ஆனாலும் நிறைவு விழாவில் இதைத் திரையிட வேண்டுமென்று கேட்டவர் தலைவர்தான்.

டீச்சர் வான் அனுப்பி அந்தப் பெண்ணை அழைத்துவந்து, முன்வரிசையில் தனக்கும் எனக்கும் நடுவில் இருத்தினார். திரை முழுக்க அவள் கைகள். கத்தி வழுக்கிச் செல்கிறது, உப்புச் சிதறுகிறது. படம் முடிந்ததும் அவள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “முதலே சொல்லியிருந்தா காப்புப் போட்டிருப்பன். இன்னும் வடிவா இருந்திருக்கும்.”

தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தலைவர் என் பக்கம் சாய்ந்து, என்ன சொன்னாள் என்று கேட்டார். சொன்னதை அப்படியே சொன்னேன். அவரும் சிரித்தார். டீச்சர் அந்தப் பெண்ணின் கையைத் தன் மடியில் வைத்து, கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் இப்போது இல்லை. இந்த ஆண்டு நடுவர் குழுவுக்கு என்னைத் தலைவராக்கியிருக்கிறார்கள். முதல் நாள் முதல் படம் முடிந்ததும், இதில் வருகிறவர்களிடம் கேட்டுத்தான் எடுத்தார்களா, அவர்கள் பேசுவது சரியாக மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறதா என்று விசாரித்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த புதிய நடுவர் பணிவாக, அப்படியொரு விதி இல்லையே என்றார்.

“இனி இருக்கும்” என்றேன்.