கேக்குக்கு முன் குளியல்

மகளின் பிறந்தநாள் கேக்கில் குத்தியிருந்த மத்தாப்பு மெழுகுவத்தி சீறிப் புகைந்ததும், அந்த வாடையில் என்னால் உட்கார முடியவில்லை. திருத்தங்கலில் நாங்கள் குடியிருந்த வரிசைவீட்டு வளவை இடித்துத்தான் இந்தப் பார்ட்டி ஹாலைக் கட்டியிருக்கிறார்கள். பலூன் வளைவு நிற்கிற இடத்தில் அன்று எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு குளியலறையும், அதிலிருந்து முற்றத்தின் குறுக்கே ஓடும் சாக்கடையும் இருந்தன.

பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிற அம்மா, முடியிலும் நகத்திலும் அலுமினியப் பொடி மினுங்க வந்து, "ஏலே, நான் குளிச்சிட்டு வர்ற வரைக்கும் தீப்பெட்டியத் தொடப்பிடாது" என்று உள்ளே போனதும், என் பிறந்தநாளுக்கு வந்த பிள்ளைகளும் நானும் உருகும் கேக்கை விட்டுவிட்டுச் சாக்கடை ஓரம் குந்தி, வாளி இடிபடுவதையும் பீர்க்கங்கூடு உரசுவதையும் கேட்டபடி, வெள்ளியாய் வரும் தண்ணீர் எப்போது தெளியும் என்று காத்திருப்போம். அதே கம்பெனியிலிருந்து வந்து குளிக்காமல் அடுப்பைப் பற்றவைத்து முகம் வெந்த பக்கத்து வீட்டு அக்காவும் எங்களோடு உட்கார்ந்திருப்பாள் என்பதால், அம்மாவை யாரும் அவசரப்படுத்தியதில்லை. "தெளிஞ்சிருச்சு!" என்று எவனாவது கத்தினால்தான் மெழுகுவத்தி எரியும்.

அம்மா வேலையை விட்டுப் பல வருஷமாகிறது. கேக் வெட்டக் கூப்பிடலாம் என்று தேடினால், ஹாலின் மூலையில் இருந்த வாஷ்பேசினில், பட்டுச்சேலை நனைவதுகூடத் தெரியாமல், முழங்கைவரை தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். மகள் அங்கே கத்தியோடு குதிக்கிறாள்.

"தெளிஞ்சிருச்சும்மா, வா" என்றேன்.

"நல்லாப் பாத்துச் சொல்லுலே" என்றாள்.

பேசினில் ஓடும் தண்ணீரைக் குனிந்து பார்த்தேன்.