அப்பாவின் மூக்கும் அப்பாவின் மறதியும்

அறுபதைத் தொடாத அப்பா, ஒருநாள் காலையில் என்னைப் பார்த்து, "ஏனுங்க, நீங்க எந்த ஊருங்க?" என்று கேட்டார். நான் பிறந்ததிலிருந்து 'டேய்' என்பதைத் தவிர வேறு மரியாதை தராத மனிதர். சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல், "ஆலத்தூர் நாடுங்க" என்று எங்கள் மலையூரின் பேரைச் சொன்னேன். "அட, நம்மூருங்களா!" என்று எனக்குக் காபி கொடுக்கச் சொன்னார்.

சேலத்து டாக்டர் ரத்தம் எடுத்து அனுப்பிப் பார்த்துவிட்டு, அல்சைமர் என்றார். பொதுவாக வயதானவர்களுக்கு வருவதுதான். அபூர்வமாகச் சில குடும்பங்களில், ஒரேயொரு மரபணுவில் உள்ள கோளாறு தலைமுறை தலைமுறையாக இறங்கி, முன்கூட்டியே மறதியைக் கொண்டுவந்துவிடுமாம். "பிள்ளைங்களுக்கு வர்றதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு" என்றார்.

திரும்பும்போது, அடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டிப் பஸ் மலை வளைவுகளில் ஏறத் தொடங்கும்போதே அம்மா கணக்கை முடித்துவிட்டாள். பிள்ளைகள் இரண்டு. பாதி என்றால் ஒன்று. அது எது என்று சொல்ல டாக்டர் எதற்கு? மிளகுக் கொடியில் தண்டு வெட்டி நட்டால் தாய்க்கொடி எப்படியோ அப்படியேதான் வரும். காய்ப்பும் அதுதான், சீக்கும் அதுதான். எனக்கு அப்பாவின் மூக்கு, அப்பாவின் நடை, அப்பாவின் குறட்டை. அக்காவோ அம்மாவை உரித்து வைத்தவள். வீடு வந்து சேர்வதற்குள் எனக்குத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

அதன்பின் என் பாடு திண்டாட்டம். குச்சிக்கிழங்குக் காட்டில் மண்வெட்டியை விட்டுவிட்டு வந்தால், "பாவம், ஆரம்பிச்சிருச்சு" என்று பக்கத்துக் காட்டுக்காரர் உச்சுக்கொட்டுவார். மனைவி சோற்றைப் போட்டுவிட்டுக் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி, "ஏனுங்க, நேத்து என்ன கொழம்பு வெச்சேன்?" என்பாள். சரியாகச் சொன்னால்தான் இன்றைய குழம்பு. லாபமும் இல்லாமலில்லை. மாமியார் வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் இருந்துவிட்டு, "மறந்துட்டேன்" என்றேன். ஒருவரும் திட்டவில்லை. கண் கலங்கினார்கள்.

ஆனால் தூங்கும் மகளைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான். இவளையும் ஒருநாள் எந்த ஊர் என்று கேட்பேனா? பயம் தாங்காமல் பரிசோதனைக்குக் கிளம்பினேன். அக்கா துணைக்கு வந்தாள்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். "மூக்கு வேற, இது வேற. முகத்தப் பாத்துச் சொல்ல முடியாது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாப் பாதி வாய்ப்பு. ரெண்டு பேருக்கும் இருக்கலாம், இல்லாமயும் போகலாம்."

ஊசியைக் கண்டதும் எனக்கு வியர்த்தது. அக்கா சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். "மொதல்ல எனக்கு எடுங்க டாக்டர். அதப் பாத்தாத்தான் இவனுக்குத் தைரியம் வரும்." முடிவைத் தெரிந்துகொள்ள நிஜமாகவே விருப்பமா என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். "எனக்கென்னங்க, நான் எங்கம்மா ஜாடை" என்றாள்.

முடிவு வந்தபோது எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். எனக்கு இல்லை. வெளியே வந்து யாரென்று தெரியாத வாட்ச்மேனின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். பிறகு அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு இருக்குதாம் சாமி."

நான் அழுதேன். அவள் அழவில்லை. "மூக்க வெச்சு ஏமாத்திட்டியேடா" என்று என் முதுகில் ஒன்று வைத்தாள்.

ஊரில் பஸ்ஸை விட்டு நான்தான் முதலில் இறங்கினேன். வீங்கியிருந்த என் கண்களைப் பார்த்ததும் அம்மா ஓடிவந்து, "கண்ணு, நான் இருக்கறன்டா" என்று கதறி என்னைக் கட்டிக்கொண்டாள். அக்கா பையைத் தூக்கிக்கொண்டு பஸ் படியிலேயே நின்றாள்.