உட்கருவுக்குள் நின்ற சிவப்பு

அன்று நுண்ணோக்கியில் நான் பார்த்தது, செல்லின் நடுவே அடைந்து கிடந்த ஒரு சிவப்பு ஒளி. பக்கத்தில் நின்ற அக்கா, "வெளிய போகலை கண்ணு, பாத்தியா?" என்று கேட்டுவிட்டு அழுதார். கோயம்புத்தூர் ஆய்வகம் ஒன்றில் எனக்கு மூத்த ஆய்வு மாணவி அவர். சொந்த ஊர் தாராபுரம்.

எச்.ஐ.வி. கிருமியின் ஆர்.என்.ஏ. எப்படிச் செல்லின் நடுவிலுள்ள உட்கருவை விட்டு வெளியேறுகிறது என்பதே அவருடைய ஆய்வு. வெட்டித் திருத்தப்படாத ஆர்.என்.ஏ.வைச் செல் வெளியே விடாது. கிருமியோ தன் சிறு புரதம் ஒன்றை அதில் ஒட்டவைக்கும். அந்தப் புரதம், செல் தன் சொந்தச் சரக்கை வெளியே அனுப்ப வைத்திருக்கும் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். "நம்ம ஊட்டு வண்டியிலயே ஏறிப் போயிருது" என்பார் அக்கா. அந்த வண்டியை ஒரு மருந்தால் நிறுத்தியிருந்தார். சிவப்பு நிறமேற்றிய ஆர்.என்.ஏ. உள்ளேயே நின்றுவிட்டது.

அவருடைய தம்பிக்கு அந்தத் தொற்று இருந்தது ஆய்வகத்தில் எனக்கு மட்டுமே தெரியும். உள்ளூரில் யார் கண்ணிலும் படக்கூடாதென்று தம்பி கோயம்புத்தூர் வந்து மாத்திரை வாங்கிப்போவார். அன்று மாலையே அக்கா அவருக்குப் போன் செய்தார். "மருந்து கெடைச்சிருச்சு சாமி!"

இரண்டே நாளில் செல்களெல்லாம் செத்து மிதந்தன. கிருமிக்கும் செல்லுக்கும் வழி ஒன்றுதான். கிருமிக்கு அடைத்த வழி செல்லுக்கும் அடைபட்டிருந்தது. ஆய்வேட்டில் அதை மறைக்காமல் எழுதிய அக்காவுக்கு, தம்பியிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. வேலை அதிகமென்று சொல்லித் தம்பி கோயம்புத்தூர் வராமலிருந்தபோது அதையும் நம்பிவிட்டார்.

சில மாதம் கழித்து, மூச்சுத் திணறலோடு தம்பியை மருத்துவமனையில் சேர்த்தபோதுதான் மாத்திரையை நிறுத்தியிருந்தது தெரிந்தது.

"நாந்தான் அவசரப்பட்டுச் சொல்லிப்போட்டேன்" என்றார் அக்கா.

தம்பி ஆக்சிஜன் முகமூடியை விலக்கினார். "உன்னால இல்லக்கா. கொஞ்ச நாளாச்சும் நோயில்லாத மனுசனா இருந்து பாக்கலாம்னு தோணுச்சு."

"அது பொய்யாப் போச்சு சாமி. நீ மாத்திரை போடோணும்."

தம்பி மெல்லத் தேறினார். நாங்கள் தேடிய மருந்து எங்களுக்குக் கிடைக்கவேயில்லை.

போன மாதம் தாராபுரத்தில் தம்பியின் புதுமனை விருந்து. பந்தியில் அவர் சட்டைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க, சக்கரைங்களா?" என்று கேட்டார் எதிரிலிருந்தவர்.

"இல்லீங்க. எச்.ஐ.வி.ங்க."

ரசம் ஊற்ற வந்த பெரியவர் வாளியோடு அப்படியே நின்றார். அக்கா இலையை விட்டு நிமிரவில்லை. பிறகு பெரியவர் தம்பியின் பக்கம் குனிந்து, "சோத்தைக் கொஞ்சம் குழிச்சு உடுங்க, ரசம் ஊத்தோணும்" என்றார்.