வலி இல்லாத கால்

கம்பெனி மூடியிருந்த நாட்களில் ஹெச்.ஆர். மேடம் எங்கள் எல்லோர் ஃபோனிலும் ஒரு ஆப்பை ஏற்ற வைத்தார். வீட்டில் இருந்தபடியே டாக்டரைப் பார்க்கலாம், குடும்பத்தாருக்கும் சேர்த்துத்தான் என்றார். ஓசூரில் எனக்குப் பாகங்களைச் சோதிக்கும் பிரிவில் வேலை. கையில் எடுத்து, திருப்பி, விரலால் தடவிப் பார்க்காமல் எதற்கும் 'சரி' என்று முத்திரை குத்தக் கூடாது என்று அங்கே முதல் நாளே சொல்லிவிடுவார்கள். மனுஷனுக்கு அந்த விதி கிடையாது என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஊரடங்கு வந்ததும் நாட்றாம்பாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்துவிட்டேன். அப்பாவுக்கு ஏழெட்டு வருஷமாகச் சர்க்கரை. தக்காளித் தோட்டத்தில் களை வெட்டும்போது வலது கால் விரலில் வெட்டு விழுந்திருக்கிறது. துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்த்திருக்கிறார். நான் கவனித்தபோது இரண்டு விரல்கள் கருத்திருந்தன. அஞ்செட்டி ஆஸ்பத்திரிக்குப் போகப் பஸ் இல்லை. ஆப் இருக்கிறதே என்று நினைத்தேன்.

எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது மேட்டில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியடியில்தான். காலைக் காட்டுவதற்காக அந்தக் காலாலேயே அவரை மேடு ஏற வைத்தேன்.

திரையில் வந்த டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். பின்னால் புத்தக அலமாரி, காதில் ஹெட்ஃபோன்.

"வலி இருக்கா அங்கிள்?"

"வலியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சார்."

"குட். வலி இல்லைன்னா பயப்பட ஒண்ணும் இல்லை. காய்ச்சல், இருமல்?"

"சார், அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கு. விரல் கருப்பா இருக்கு" என்றேன் நான்.

"காட்டுங்க."

காமிராவைத் திருப்பினேன். படம் பாதியில் உறைந்துவிட்டது. "ஓகே, பார்த்துட்டேன்" என்றார். அவர் பார்த்தது தண்ணீர்த் தொட்டியின் பாசி பிடித்த சுவரைத்தான். என் திரையின் மூலையில் அதுதான் அசையாமல் நின்றது.

ஒரு களிம்பும் வலி மாத்திரையும் எழுதி அனுப்பினார். வலியே இல்லாத காலுக்கு வலி மாத்திரை. உடனே, மருத்துவ சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஆப் கேட்டது. ஐந்து கொடுத்தேன். கும்பிடுகிறவர்கள் இருக்கும்வரை இந்த மாதிரி சாமிகளுக்கு என்ன குறை?

மூன்று நாள் கழித்து, காய்ச்சல் கணக்கெடுக்க எங்கள் பக்கத்துக் கிராமங்களை நடந்தே சுற்றும் நர்ஸம்மா வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அண்ணா, காலைக் காட்டுங்க."

"ஃபோன்ல டாக்டர் பாத்துட்டாரு அக்கா" என்றேன்.

"ஃபோன்ல நாத்தம் வருமா பாப்பா?"

மாஸ்க் போட்டிருந்தும் அவருக்கு அது எட்டியிருக்கிறது. கூடவே இருந்த என் மூக்குக்கு எட்டவில்லை. டாக்டரே சொல்லிவிட்டார் அல்லவா. நர்ஸம்மா துணியைப் பிரித்து, பேனா முனையால் பாதத்தில் அழுத்தினார். அப்பா காலை இழுக்கவே இல்லை.

"சர்க்கரைக் காலுல வலி இல்லாம இருக்கறதுதான் ஆபத்தே. இது தெரியாம அந்த ஆளு என்னாத்த படிச்சான்?"

ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்தார். அது மூச்சுத்திணறல் கேஸோடு ஓசூர் போயிருந்தது. அவர் காத்திருக்கவில்லை. தக்காளி ஏற்றிக்கொண்டு கிளம்பிய வேனை ரோட்டில் மறித்து, கூடைகளை நகர்த்தி அப்பாவை உட்கார வைத்தார். வழியில் போலீஸ் தடுத்த இடங்களில் எல்லாம் இறங்கிப் பேசியதும் அவர்தான். கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரியில் அன்றைக்கே இரண்டு விரல்களை எடுத்தார்கள். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே மொத்தமும் போயிருக்கும் என்றார் அங்கிருந்த டாக்டர். அவரும் கையால் தொட்டுப் பார்த்துத்தான் சொன்னார்.

கம்பெனி திறந்ததும் ஹெச்.ஆர். மேடம் என்னைக் கூப்பிட்டார். ஆப்பின் பதிவில் அப்பாவுக்கு 'குணமடைந்தார்' என்று இருக்கிறதாம். ஐந்து நட்சத்திரம் வேறு. நோட்டீஸ் போர்டில் போட இரண்டு வரியும் அப்பாவின் போட்டோவும் வேண்டும் என்றார்.

நடந்ததைச் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"ஐயோ பாவம். ஆனா அதெல்லாம் எழுத வேணாம்மா. பாசிட்டிவா ரெண்டு வரி போதும்."

ஆட்களைக் குறைக்கப்போவதாகப் பேச்சு அடிபட்ட நேரம் அது. 'ஊரடங்கிலும் வீட்டில் இருந்தபடியே டாக்டரைப் பார்க்க முடிந்தது' என்று எழுதிக் கொடுத்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த டாக்டரையும் மேடத்தையும் திட்டுவது சுலபம். அந்த இரண்டு வரியை எழுதிய கைக்கு எந்த வார்த்தையும் போதாது. கேன்டீன் வாசல் நோட்டீஸ் போர்டில் அப்பா பல மாதம் சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த முறை ஊருக்குப் போனபோது அவரிடம் சொன்னேன்.

"நர்ஸம்மா போட்டோவையும் போட்டாங்களா?" என்று கேட்டார்.

"இல்லப்பா."

அவர் முன்பக்கம் வெட்டிவிட்ட செருப்பை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.